வெரசுப் பால்

தூளிக்குக் கீழே ஒரு பல் கிடந்தது.

அரிசி என்று நினைத்துத்தான் தமிழ்செல்வி குனிந்தாள். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவளைப் பாகலூர் ரோட்டில் இறக்கிவிட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை; மார்கழிப் பனி ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக அடைத்துக்கொண்டு நின்றது; பின்பக்கம் ஒழுகும் குழாய் சொட்டுச் சொட்டாக பிளாஸ்டிக் வாளியில் விழுந்துகொண்டிருந்தது; காய்ச்சின பாலும் காயாத துணியும் சேர்ந்த வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம், ரொம்ப நாள் பூட்டிவைத்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அது மெல்ல மெல்ல மூக்கில் ஏறியது. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது அரிசி இல்லை. பால்பல். யாரும் பிடுங்காமல் தானாக ஆடி விழுந்த பல்.

தூளியில் தூங்கிய சக்திக்கு எட்டு மாதம். போன வாரம் அவளுக்குக் கீழ்வரிசையில் இரண்டே பல். இந்த ஆறு நாளில் வாய் நிறைய முளைத்ததைத் தமிழ்செல்வி பார்த்தாள்தான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

இப்போதும் என்ன செய்தாள் தெரியுமா? பிள்ளையைத் தூக்கவில்லை, வாயைத் திறந்து பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய ஐடி கார்டு உறைக்குள், தன் போட்டோவுக்குப் பின்னால், அந்தப் பல்லைச் சொருகி மறைத்தாள். யாரிடமிருந்து மறைத்தாளோ! வீட்டில் இருந்தது மாதேஸ்வரி ஒருத்தி. அவளுக்கு எல்லாம் தெரியும்.

மாதேஸ்வரி வெரசர் இனம், பாரூர் ஏரிக்கரைக்காரி. நமக்கு ஒரு நாள் என்றால் வெரசருக்கு அது ஒரு வருஷம். அறுபது எழுபது நாளில் பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று, கிழடுதட்டிப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில், ஓசூரில், பெரும்பாலும் ஒரு வெரசர் இருப்பார். ஆள் போய்விட்டால் ஏஜென்டுக்கு ஒரு போன், மறுநாள் வேறு ஆள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா சாந்தம்மா இதற்கு நேர் எதிர், நெடியர் இனம். முந்நூற்றுச் சொச்சம் வயசு, பார்த்தால் ஐம்பதுதான் சொல்லலாம். இரண்டுக்கும் இடையில் இருக்கிற நம்மை அவர்கள் நடுவாந்திரம் என்பார்கள். குடிவந்த அன்றே குழாய் ஒழுகுவதைச் சொன்னதற்கு, "ஆயித்தம்மா, நாளைக்கி பாக்கலாம்," என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள் சாந்தம்மா. வருஷம் இரண்டு ஓடிவிட்டது. "இந்தம்மாவுக்கு நாளைக்குன்னா நம்ம பேரன் கல்யாணத்தன்னைக்குத்தான்," என்று புருஷன் கமலக்கண்ணனோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தவள் தமிழ்செல்வி.

கமலக்கண்ணனை அவன் கம்பெனி ஐம்பது நாளைக்குக் குஜராத் அனுப்பியது, புது மிஷின் பூட்ட. அதே வாரம் தமிழ்செல்வியை அழைத்து, தொடர்ந்து லீவு போடாமல் நைட் ஷிஃப்ட் பார்த்தால் லைன் லீடர் ஆக்குகிறோம் என்றார்கள். கரூரிலிருந்து வந்து ஆறு வருஷமாகக் கார்களுக்கு ஒயர் கட்டிக் கட்டி விரல் காய்த்தவள். விடுவாளா? மாதேஸ்வரியை வரவழைத்தாள். வந்தபோது மாதேஸ்வரிக்கு இருபது வயசு இருக்கும். மூன்று வயசு மகளை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தாள், இன்னும் பால் குடி மறக்காத பிள்ளை. ஜாக்கெட் நனைந்துகொண்டே இருந்தது.

தமிழ்செல்விக்கோ பால் வற்றிவிட்டது. டப்பாப் பால் கொடுத்தால் சக்தி அத்தனையும் கக்கினாள். மூன்றாம் நாள் பகல் முழுக்க அழுகை. கண் எரிய எரிய உட்கார்ந்திருந்த தமிழ்செல்வி கடைசியில் கேட்டே விட்டாள்.

"ஒரு வேளைக்கு நீயே குடேன்."

"வேணாங்க்கா. எங்க பாலு உங்க புள்ளைங்களுக்கு ஆவாது. எங்க வெரசு அதுல எறங்கிரும்."

"இதெல்லாம் உங்க ஊர்க் கதை. குடுக்குறியா, ஏஜென்டுக்குப் போன் போடவா?"

மாதேஸ்வரி பிள்ளையை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அழுகை நின்றது. தமிழ்செல்வி ஆறு மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். பின்னால் யோசிக்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் கூசியது அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான். எவ்வளவு சுகமான தூக்கம் அது!

அந்த ஒரு வேளைப் பால் ஆறு நாள் ஆயிற்று. இப்போது இந்தப் பல்.

"பாத்துட்டீங்களாக்கா?" சமையல்கட்டு வாசலில் மாதேஸ்வரி நின்றிருந்தாள். கண்ணோரம் கோடு விழுந்திருந்தது. "ஒண்ணுதான் விழுந்திருக்கு. இன்னிக்கே நிறுத்திட்டா நின்னுரும். எல்லாப் பல்லும் கொட்டிருச்சுன்னா அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது. உடம்பு இப்டியே இருக்கும், வயசு மட்டும் ஓடும். ரெண்டு நாளு லீவு போடுங்கக்கா, நீங்க மடியில வெச்சிருந்து டப்பாப் பாலு பழக்குங்க. நானும் அரை நாளு ஊருக்குப் போயி எம்மகளப் பாத்துட்டு வந்துர்றேன். வந்ததுலேருந்து கேக்குறேன்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தினமும் கேட்டாள். தினமும் தமிழ்செல்வி ஒரே பதில்தான் சொன்னாள். இன்றைக்காவது வேறு சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். சத்தியமாக அப்படி நினைத்துத்தான் திறந்தாள். ராத்திரி ஆடிட் இருந்தது, லைனில் தன் இடத்தில் கூட வேலை பார்க்கும் ரூபா நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"நாளைக்குப் பாக்கலாம்," என்றாள்.

சாந்தம்மா சொல்லும் அதே இழுவையில் அது வந்து விழுந்தது. காது சுட்டது. ஆனாலும் திருத்திச் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு பல். அதற்கு மறுநாள் நான்கு. ஒவ்வொரு விடியலிலும் பனியைத் தள்ளிக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போடாமலே தரையைக் கையால் தடவுவாள். பொறுக்கியதையெல்லாம் அதே உறையில் போடுவாள். லைனில் நடக்கும்போது மார்பில் கலகலவென்று சத்தம் கேட்டது. மிஷின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் கையால் பொத்திக்கொண்டே நடந்தாள். அந்த வாரக் கடைசியில் லைன் லீடர் என்று அறிவித்தார்கள். கை தட்டினார்கள். சிரித்தாள். அன்று விடிந்து வந்து பார்த்தபோது சக்தியின் வாய் காலியாக இருந்தது.

புதுப் பல் முளைக்கவே இல்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரி நினைப்பு வந்தது. பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி கேட் வரை போனாள். யார் பால் கொடுத்தது என்று கேட்பார்கள். ஏன் கொடுக்க வைத்தாய் என்று கேட்பார்கள். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்பார்கள். அந்தக் கேட்டில் கை வைத்தபடி கால் மணி நேரம் நின்றாள், வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டாள். பெற்ற பிள்ளையைவிட அவளுக்கு முகம் பெரிதாகப் போயிற்று. வேறு எப்படிச் சொல்வது?

சாயங்காலமானால் கமலக்கண்ணன் வீடியோ காலில் வருவான்.

"பாப்பாவக் காட்டு."

"தூங்குறாங்க."

"எப்பப் பாரு தூக்கமா? முகத்தையாவது காட்டு, செல்வி."

குல்லா போட்ட பின்தலையை மட்டும் காட்டுவாள். குல்லாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடியை முதலில் உள்ளே தள்ளிவிடுவாள்.

ஒருநாள் விடியலில் கேட்டருகே பனிக்குள் ஒரு பெண் நின்றாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு இருக்கும். மாதேஸ்வரியின் அதே மோவாய்.

"மாதேஸ்வரி இருக்குதுங்களா? எங்கம்மா."

மாதேஸ்வரி போய்விட்டால் உள்ளே இருப்பதை யார் தூக்குவார்கள்? தமிழ்செல்வி அதைத் தூக்கியே ஒரு வாரமாகியிருந்தது.

"தூங்குறா. நாளைக்கு வா."

"நாளைக்கா?" என்றாள் அந்தப் பெண். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தாள். பிறகு பனிக்குள் போய்விட்டாள். தமிழ்செல்வி திரும்பியபோது கதவுக்குப் பின்னால் மாதேஸ்வரி, இடுப்பில் பிள்ளையோடு, நின்றிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்குப் பிறகு அவள் லீவே கேட்கவில்லை.

வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். பகலில் தூங்கிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் இரண்டு குரல்கள். ஒன்று மாதேஸ்வரி, ஏரி, மதகு, கெளுத்தி மீன் என்று ஏதோ சொல்வாள். இன்னொன்று சிரிக்கும். சின்னத் தொண்டைக்குள் சிக்கிக்கொண்ட பெரிய மனுஷிச் சிரிப்பு. தமிழ்செல்வி எழுந்து போனால் இரண்டும் நின்றுவிடும். குழாய் மட்டும் சொட்டும். தூளித் துணியை விலக்க அவளுக்குக் கை வராது. ஒருமுறை துணிக்குள்ளிருந்து கேட்டது.

"அம்மா, அந்தக்கா வந்திருச்சு."

அம்மா என்றது மாதேஸ்வரியை. அக்கா என்றது அவளை.

ஒருநாள் சாந்தம்மா படியிறங்கி வந்தாள், மோட்டார் ஸ்விட்ச் போட. திறந்திருந்த கதவு வழியாக உள்ளே நுழைந்து, தமிழ்செல்வி தடுப்பதற்குள் தூளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். தமிழ்செல்வி ஓடிப்போய்த் தூளித் துணியை இழுத்து மூடினாள். சாந்தம்மா முகம் மாறவே இல்லை.

"யாக்கம்மா பயப்படுறே?" என்றாள். "எனக்கு எல்லா நடுவாந்திரக் கொழந்தையும் இப்டித்தான் தெரியும். பாக்கறதுக்குள்ள கெழடாயிடும். நீனும் அப்டித்தான்."

நிதானமாக மேலே ஏறிப் போனாள்.

ஐம்பதாவது நாள். பனி. பஸ் இறக்கிவிட்டுப் போயிற்று. தமிழ்செல்வி கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் என்னவோ இல்லை. என்ன இல்லை? நின்று கேட்டாள்.

குழாய்ச் சத்தம் இல்லை.

நேற்று அவள் ஷிஃப்டுக்குக் கிளம்பிய பிறகு சாந்தம்மா பிளம்பரை அனுப்பியிருந்தாள். சாந்தம்மாவுடைய ‘நாளைக்கு’ வந்தேவிட்டது. வீடு அப்படியொரு அமைதி. அந்த அமைதியில் மூச்சு கேட்டது. இரண்டு பேர் இருக்கும் அறையில் ஒரே ஒரு மூச்சு.

போன் அடித்தது.

"பாகலூர் ரோட்டுல எறங்கிட்டேன், செல்வி. பாப்பாவுக்குக் கம்பளிக் குல்லா வாங்கியிருக்கேன். அளவுதான் தெரியல. வளந்திருப்பால்ல?"

"சரியாத்தாங்க இருக்கும்," என்றாள்.

அறைக்குள் போனாள். மாதேஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விரலில் தூளிக் கயிறு. தோளைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. இருபது வயசில் வந்தவள். ஒரு அரை நாள் கேட்டவள். காலில் விழலாமா என்று தோன்றியது. விழுந்து என்ன?

கயிறு அசைந்தது.

மாதேஸ்வரி அசைக்கவில்லை. தூளி உள்ளேயிருந்து ஆடியது.

துணி விளிம்பில் ஒரு கை வந்தது. எட்டு மாதப் பிள்ளைக்குப் போடுகிற கறுப்பு வளையல். அதற்குள் தோல் சுருங்கி, நரம்பு புடைத்த கை. அது துழாவி அவள் ஐடி கார்டுக் கயிற்றைப் பிடித்தது. பற்கள் கலகலத்தன.

"யக்கா." கரகரத்த குரல். பொக்கை வாய்க் குரல். "அம்மா எந்திரிக்க மாட்டேங்குது."

கதவு தட்டும் சத்தம்.

"செல்வி! கதவத் தெற."

"பாப்பா தூங்குறா," என்றாள். பழக்கம். வாயில் தானாக வந்தது.

"தூங்கலயே," என்றது தூளி.

பிறகு பூட்டாத கதவைத் தள்ளும் சத்தம். பனி முதலில் உள்ளே வந்தது. பின்னால் கமலக்கண்ணன், கையில் ரோஸ் கலர் குல்லா.

"நாளைக்கு எந்திரிச்சிருமா, யக்கா?"

தமிழ்செல்வியால் புருஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றாள். தூளித் துணி விலகியது. நரைத்த சின்னத் தலை ஒன்று மேலே எழுந்தது. வாசலில் நின்ற புது ஆளை உற்றுப் பார்த்தது. பிறகு, தூக்கச் சொல்லி, வளையல் போட்ட இரண்டு கிழக் கைகளையும் அவனை நோக்கி நீட்டியது.