காலி அறைக்கான கோடு

கோடு ஏறியிருந்தது. ஏற வேண்டுமென்றால் அங்கே ஆள் இருக்க வேண்டும். ஆள் நுழையவே வழியில்லாத அறை அது.

பொன்னழகு துப்பட்டா நுனியால் கணினித் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். செட்டிநாட்டுப் பழைய வீடுகள் மின்விசிறிகூட இல்லாமல் எப்படிக் குளிர்ந்து கிடக்கின்றன, அந்தச் சூட்சுமத்தை இன்றைய வீடுகளுக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆராய்ச்சி. அதற்காகக் கோட்டையூரில் குடியில்லாத ஒரு பெரிய வீட்டில், பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டில் கைக்கடக்கமான இரண்டு கருவிகளை வைத்திருந்தாள். சூடு, ஈரம், கரியமில வாயு மூன்றையும் அவை அளக்கும். மூச்சுவிடுகிற உயிர் ஒன்று உள்ளே இருந்தால் கரியமில வாயு கூடிக் கோடு ஏறும். இல்லையென்றால் வெளிக்காற்றின் அளவான நானூற்றுச் சொச்சத்தில் செத்த பாம்பு மாதிரி நீளமாகக் கிடக்கும்.

முதல் அறைக்குச் சாவி இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. அந்த வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அவரவர் பூட்டு, அவரவர் சாவி. கூடப் பிறந்தவனே ஆனாலும் அடுத்தவன் அறையைத் திறக்க மாட்டான். இரண்டாவது அறைக்காரர் மலேசியாவுக்குப் போனபோது சாவியும் கூடப் போய்விட்டது. பூட்டு துருவேறிக் கதவோடு கதவாகிவிட்டது. கதவுக்கு மேலிருந்த காற்றுத் துவாரம் வழியாகக் கருவியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கியிருந்தாள். ஆள் புழங்காத அறைக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள்.

அந்த அறையின் கோடுதான் ராத்திரி முழுக்க ஏறியிருந்தது. ஒருவர் படுத்துத் தூங்கினால் எப்படி ஏறுமோ அப்படி, அவசரமில்லாமல். விடியலுக்கு முன்னால் ஓர் இடத்தில் மட்டும் ஏற்றம் அறுந்து, கொஞ்ச தூரம் சமமாகப் போய், மறுபடி தொடங்கியிருந்தது.

அதே நேரத்தில்தான் விடுதிக் கட்டிலில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்கு நினைவு வந்தது. நினைவு வந்ததே பிடிக்கவில்லை.

பேராசிரியர் கார்த்திகேய சிவம் கோட்டைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அங்கயே படுத்துட்டியாம்மா?"

"இல்ல சார். அது பூட்டுன ரூம்."

"அப்ப ரெண்டு கருவிக்கும் பேரை மாத்திப் போட்டிருக்க. நீ படுத்திருந்த ரூமோட கோடு இது."

"நான் ஹாஸ்டல்ல இருந்தேன் சார்."

"யார் பார்த்தா?"

பொங்கல் விடுமுறைக்கு அறைத் தோழிகள் ஊருக்குப் போயிருந்தார்கள். மெஸ் மூடியிருந்தது. மூன்று நாளாக அவளோடு பேசியது கேட் வாட்ச்மேன் மட்டும்தான். அதுவும் கையெழுத்துப் போடச் சொல்லி. யாரும் பார்க்கவில்லை.

"காலி ரூமுக்குச் சுத்தமா ஒரு கோடு. அவ்வளவுதான் கேக்கறேன். திங்கட்கிழமைக்குள்ள வரலேன்னா நம்ம லேப் கீர்த்திகிட்ட ப்ராஜெக்ட்டைக் குடுத்துடுவேன். வருத்தப்படாத."

வருத்தமா? நெஞ்சுக்குள் அடுப்பு எரிந்தது. சிங்கம்புணரிப் பக்கத்துக் கடலைக் காட்டிலிருந்து வந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, இங்கே ஒரு மேஜையும் நாற்காலியும் கிடைப்பதற்குள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். துறையில் டீ குடிக்கப் போகும் கூட்டம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகும், ஒருநாளும் கூப்பிட்டதில்லை. போன கருத்தரங்குச் சுவரொட்டியில் அவள் பெயர் விட்டுப்போயிருந்தது. "அச்சகத்துல மறந்துட்டாங்க" என்றார்கள். இந்த ஆராய்ச்சியும் கைவிட்டுப் போனால் மறுவாரமே அம்மா மாப்பிள்ளை ஜாதகத்தோடு வந்து நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை போய், சாவி இருக்கும் அறையில் தானே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வது என்று முடிவு செய்தாள். அவள் இருக்கும் அறையின் கோடு ஏறும். பூட்டிய அறையின் கோடு கிடையாகக் கிடக்கும். இரண்டும் அவருடைய கைபேசிக்கும் அப்போதைக்கப்போதே போகும். பெயர் மாறவில்லை என்று அந்த மனிதர் கண்ணாலேயே பார்க்கட்டும்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கான இலவசச் சீட்டை எல்லோருக்கும் கிழித்துக் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டர் அவளைத் தாண்டிப் பின்னால் போய்விட்டார். "அண்ணே, எனக்கு?" என்றாள். திரும்பவில்லை. ஓசிப் பயணம் என்றால் இளக்காரம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டையூரில் இறங்கினாள்.

வீட்டைக் காவல் பார்க்கும் இருளாண்டி வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கைபேசியில் மஞ்சுவிரட்டு பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, கனைத்து, இன்னொரு தடவை கனைத்த பிறகுதான் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்.

"ஆத்தீ! எப்பத் தாயி வந்தீக? நிழல்கூட விழுகலையே."

"நல்லா காவல் காக்குறீக, போங்க."

"காக்க என்ன கெடக்கு இங்க? நீங்க காத்த அளக்குறீக, நான் காத்தக் காக்குறேன். எம்புட்டுக் காத்து தேறுச்சு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. "அண்ணே, நான் உள்ள போனதும் வெளிய நாதாங்கி போட்டுருங்க. தட்டுனா மட்டும் தெறங்க."

"பயமா இல்லையா தாயி?"

"எனக்கென்ன பயம்? காலி வீடுதானே."

உள்ளே நடுப்பகலிலும் அந்திபோல இருந்தது. முற்றத்தில் மட்டும் வெயில் ஒரு சதுரமாக விழுந்து கிடக்க, அதைச் சுற்றி வரிசையாக மூடிய கதவுகள் தேக்கும் வவ்வால் புழுக்கையும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த ஒரு வாடையை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தன. கண்ணாடி மாதிரி வழுவழுத்த சுண்ணாம்புச் சுவரில் அவள் நடக்க நடக்க மங்கலாக ஏதோ கூடவே வந்தது. முதல் அறைக்குள் நுழைந்து, கருவியை முன்னால் வைத்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தரை ஆற்று மணல் போலக் குளிர்ந்தது. வெளியே நாதாங்கி விழுந்தது. இருளாண்டியின் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. பிறகு எங்கோ ஒரு புறா குமுறுவதைத் தவிர வேறொன்றும் இல்லை.

கருவியின் சின்னத் திரையில் நானூற்றுப் பத்தொன்பது.

காத்திருந்தாள். கதவிடுக்கில் வந்த வெளிச்சக் கீற்று அவள் முழங்காலில் இருந்து நழுவித் தரையைத் தொட்டது.

நானூற்றுப் பத்தொன்பது.

கைபேசியில் பூட்டிய அறையின் கோட்டைத் திறந்தாள். ஏறிக்கொண்டிருந்தது.

காது மடல் சுட்டது. அப்படியானால் அவர் சொன்னதுதான் சரியா? பெயரைத்தான் மாற்றிப் போட்டிருக்கிறாளா? இத்தனை நாள் ராங்கி பேசியதெல்லாம் வீணா? அவமானத்தோடு கருவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கீழே அவள் கையால் ஒட்டிய சீட்டு: முதல் அறை. கைபேசியில் முதல் அறை: நானூற்றுப் பத்தொன்பது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் திரையிலும் அதே எண். பெயர் மாறவில்லை.

கருவியை வாயருகே கொண்டுபோய் ஊதினாள். ஊதினால் எண் ஆயிரத்தைத் தாண்டிக் குதிக்கும். ஆய்வகத்தில் விளையாட்டாக எத்தனையோ தடவை செய்ததுதான்.

அசையவில்லை.

கைபேசியில் பூட்டிய அறையின் கோடு செங்குத்தாக எகிறியது.

பழுது. பழுதாகத்தான் இருக்க வேண்டும். மூச்சை அடக்கினாள். எகிறிய கோடு மெல்லத் தணிந்து சமமாயிற்று. மூச்சை விட்டாள். ஏறிற்று. மறுபடி அடக்கினாள். சமம். விட்டாள். ஏற்றம். சுவருக்கு அந்தப்பக்கம், அவள் மூச்சின் கணக்குக்கு, மிகச் சரியாக.

இன்னொரு தடவை அடக்கினாள்.

கோடு நிற்கவில்லை.

உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஏறிக்கொண்டே இருந்தது, தூங்குகிறவரின் நிதானத்தோடு. புறா குமுறி ஓய்ந்தது. வெளிச்சக் கீற்று இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: மூச்சு முட்டவில்லை. இத்தனை நேரமாகியும் நெஞ்சு காற்றுக்குக் கேட்கவில்லை.

மார்பில் கை வைத்தாள். எழவில்லை. தாழவில்லை.

எழுந்து கதவைக் குத்தினாள்.

சத்தம் வரவில்லை.

சத்தம் பக்கத்து அறைக் கதவில் கேட்டது. மூன்று குத்து. துருப்பூட்டு குலுங்கியது.

செருப்புச் சத்தம் ஓடி வந்தது. பக்கத்துக் கதவுக்கு முன்னால் நின்றது.

"தாயி? அதுக்குள்ள எப்புடிப் போனீக?"

செருப்புச் சத்தம் இந்தப்பக்கம் வந்தது. சற்றுப் பொறுத்து அவளுடைய அறையின் நாதாங்கி விலகியது. வெளிச்சம் அவள் முகத்தில் முழுசாக விழுந்தது. இருளாண்டி தலையை உள்ளே நீட்டினார். அவர் கண் கருவிமேல் போயிற்று, மூலைக்குப் போயிற்று, நேராக அவள்மேல் வந்தது. நிற்காமல் தாண்டியது.

"இங்குட்டுக் காணோமே..."

அண்ணே என்று கத்த வாயைத் திறந்தாள். கத்துவதற்கு உள்ளே காற்று இல்லை. ஓட வேண்டும். கால் தரையோடு தரையாக இருந்தது.

கையில் கைபேசி அதிர்ந்தது. பேராசிரியர்.

'பார்த்தேன். நான் சொன்னதுதான். நீ இருக்கிற ரூம் ஏறுது, காலி ரூம் சுத்தமா இருக்கு. பேரை மட்டும் மாத்திப் போட்டுடு. நல்ல கோடு. கீப் இட் அப்.'

சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். இரண்டு தடவை. பிறகு அவளுடைய குரல், நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, சிங்கம்புணரிப் பேச்சு கொஞ்சமும் குறையாமல் கூப்பிட்டது.

"இங்குட்டு இருக்கேண்ணே. ஒரு கடப்பாறை கொண்டாந்து இந்தப் பூட்ட ஒடைங்க. அந்த ரூமைச் சாத்திருங்க, அங்க யாரும் இல்ல."

"வந்துட்டேன் தாயி" என்றார் இருளாண்டி. கதவை இழுத்துச் சாத்தினார். நாதாங்கி விழுந்தது.

இருட்டில் ஒரே ஒரு சின்னத் திரை மட்டும் ஒளிர்ந்தது. நானூற்றுப் பத்தொன்பது.