நீலம் ஏறாத செல்

இளஞ்சிவப்பாக இருந்திருக்க வேண்டிய குப்பி மஞ்சளாகியிருந்தது.

இன்குபேட்டர் கதவைத் திறந்தபடியே அவள் நின்றாள். காய்ச்சல்காரர் யாரோ கன்னத்தருகே மூச்சுவிடுவது போல, உடம்புச் சூட்டிலிருந்த ஈரக்காற்று முகத்தில் படிந்தது. குப்பியில் இருப்பவை அக்காவின் ரத்தப் புற்றுச் செல்கள். செல்கள் கொழுத்துப் பெருகினால்தான் திரவம் மஞ்சளாகும். இவை இந்நேரம் செத்திருக்க வேண்டும்.

கடைசியாக ரத்தம் கொடுத்தபோது அக்கா சொன்னாள்: "ஒண்ணையும் விட்டு வைக்காதடி. எனக்காக."

அந்தச் செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற ஒரு மரபுத் துணுக்கு இல்லை. கட்டளை எழுதிய துண்டுச்சீட்டு மாதிரி, அவ்வளவு சின்னது. செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதத்தை அடக்கி, 'போதும், செத்துப்போ' என்று சொல்வது அதன் வேலை. மாதக்கணக்காக அதைத்தான் உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஒப்பிடுவதற்கு வைத்த இன்னொரு குப்பியில், மூன்று நாள் முன்பு எடுத்த அவளுடைய சொந்த ரத்தச் செல்கள். அதில் சீட்டு எதுவும் போடவில்லை. அவைதான் செத்து, அடியில் தூசாகக் கிடந்தன.

"லேபிள மாத்தி ஒட்டிட்டியாம்மா?" பேராசிரியர் பையை மாட்டிக்கொண்டே கேட்டார். "செல்லு சாகுதோ இல்லையோ, நீ என்னைச் சாகடிக்கிற."

"இல்ல சார், நான் சரியாத்தான்..."

அவர் போய்விட்டார். பாதி வாக்கியத்துக்கு மேல் பேச அவளுக்கு என்றைக்கும் இடம் கிடைத்ததில்லை.

தன் ரத்தத்தையே மறுபடி சோதித்துவிட, ஆத்திரத்தோடு புது ஊசியைப் பிரித்து விரலில் குத்தினாள். போன வாரம் குத்துப்பட்ட அதே விரல். சீட்டுப் போட்ட குப்பியிலிருந்து அக்காவின் செல்களை எடுத்த ஊசிக்கு, கூடாது என்று தெரிந்தும், மூடி போட்டபோது பட்டது. திட்டு விழும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது வலிக்கவேயில்லை.

சிவப்பணுக்களை நீக்கிவிட்டு நீலச் சாயம் சேர்த்தாள். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. செத்தது நீலமாகும்.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள்.

நீலம்.

நகர்த்தினாள். நீலம். குளிர்பெட்டியின் உறுமல் நின்றது. இன்குபேட்டருக்குள் ஏதோ சொட்டியது. நகர்த்தினாள். நீலம். எல்லாம் நீலம்.

சீட்டு தொலைந்துபோகவில்லை. அந்த ஊசிமுனை வழியாகக் கை மாறியிருக்கிறது.

மூலையில் ஒன்று மட்டும், அக்காவின் குப்பியில் பார்த்தவை போலவே, தெளிவாக. உருண்டையாக. மின்னிக்கொண்டு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடுவில் ஒடுங்கியது.

இரண்டானது.