கோடாலிப் பிடியில் ஈரம்

உச்சி வெயிலில், சுவரில் கொழுவியிருந்த கோடாலியை விதுர்ஷா எடுத்தபோது அதன் பிடி ஈரமாக இருந்தது. மழையில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. புருஷன் தனோஜன் காலையிலேயே தோணியோடு வாவிக்குப் போய்விட்டான். முகர்ந்து பார்த்தாள். வியர்வை. கூந்தல் எண்ணெய் கலந்த பெண் வியர்வை.

சமையல் காஸ் கிடைக்காமல் கொக்கட்டிச்சோலை ஊர் முழுக்க விறகடுப்புக்குத் திரும்பியிருந்த காலம் அது. புதுப்பெண்டாட்டிக்குத் தனோஜன்தான் விறகு கொத்தப் பழக்கினான்.

“வீச்சுக்குள்ள ஒருத்தரும் நிக்கப்படாது புள்ள. கை தவறினாலும் கோடாலி கட்டையிலதான் விழோணும்.”

கோடாலித் தலை ஆடினால் ஆப்பை இறுக்குவது, அலகைக் கல்லில் தீட்டுவது, துடைத்து எண்ணெய் பூசிக் கொழுவுவது, எல்லாம் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தான். கடைசியில் மட்டும் ஒரு பெருமூச்சு வரும். “கண்ணகைக்கு ஒருக்காச் சொன்னாக் காணும், ரெண்டாந்தரம் சொல்லத் தேவையில்ல.”

கண்ணகை அவனுடைய முதல் மனைவி. போன மாரிக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனவள். அவளுடைய சேலைகளை விதுர்ஷா ஊராருக்குக் கொடுத்துவிட்டாள். படத்தை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். இந்தப் பிடிதான் மிச்சம். செத்தவள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பள்ளங்களில் தன் விரல்கள் பொருந்தும்போதெல்லாம் விதுர்ஷாவுக்கு வயிறு எரிந்தது.

ஆப்பைத் தட்டிக் கழற்றினாள். பிடியை அடுப்பில் செருகினாள். மயிர் கருகுவதுபோல ஒரு நாற்றம் குசினியெல்லாம் பரவியது; அவள் அசையாமல் நின்று, அது சாம்பலாகும்வரை பார்த்தாள்.

“பிடி எங்க?” வந்ததும் தனோஜன் கேட்டான்.

“வெடிச்சுப் போச்சு. புதுசு போடுங்க.”

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். “அவ கோவிப்பாவே,” என்றான், மெதுவாக. பிறகு பாலைமரத்தில் ஒரு பிடி செதுக்கிப் போட்டான்.

மறுநாள் பொழுதுபடும் நேரம். கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தவளுக்கு, வாவிக் காற்றில் வந்த சேற்று மணத்துக்கும் கூடடையும் காகங்களின் இரைச்சலுக்கும் இடையே, வீட்டுக்குப் பின்பக்கமிருந்து விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. நிதானமான, ஒரு அடியும் தவறாத, நன்றாகப் பழகிய கையின் சத்தம். தனோஜன் கொத்துகிறான் என்று நினைத்தாள். பிறகு அவன் குரல் கேட்டது. யாரோடோ கதைத்தான். சிரித்தான். அவளோடு ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு.

பயம் முதுகில் ஏறியது. அதைவிட வேகமாக எரிச்சல் ஏறியது. ஈரக் கையோடு ஓடினாள்.

தனோஜன் தள்ளி நின்றான். விறகு கொத்தும் கட்டையடியில் ஒருவருமில்லை. மணலில் இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன, விரல்கள் ஆழமாக. அவற்றுக்கு மேலே, வெறும் காற்றில், கோடாலி உயர்ந்து நின்றது.

“போடி வெளியால! இது என்ட வீடு!”

பாய்ந்து பிடியைப் பற்றினாள். பறித்தாள். வந்துவிட்டது. அவ்வளவு லேசாக.

விட முடியவில்லை.

அவள் விரல்களின் மேல் வேறு விரல்கள். குளிர்ந்தவை. இறுக்கின. கோடாலி எழுந்தது. விழுந்தது. விறகு இரண்டாகப் பிளந்தது. மறுபடி. மறுபடி. உள்ளங்கை கிழிந்து இரத்தம் வழிந்தது.

“இஞ்சாருங்க, என்னப் பிடிங்க…” என்று கத்த வாயைத் திறந்தாள்.

“எப்பிடி, நான் கொத்திறது?” என்று அவள் வாய் கேட்டது. அது அவள் குரலில்லை.

“நல்லாக் கொத்திறாய்,” என்றான் தனோஜன், கண் கலங்கி.

விறகு தீர்ந்தது. கைகள் நிற்கவில்லை. கோடாலி தலைக்கு மேலே எழுந்தது. வெறுங்கட்டையை நோக்கி விதுர்ஷாவின் இடது கால் தானாக உயர்ந்து, அதன்மேல் மெதுவாகப் பதிந்தது.