விரித்துப் பிடித்த கோட்டு

திரை கருத்தபோதுதான் ஆர்டிஸ் அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் விசை எதையும் தொடாமல் இருந்தால் கம்ப்யூட்டர் திரை தானாகக் கருத்துவிடும். ஒரே பச்சை எழுத்து நாளெல்லாம் நின்றால் கண்ணாடியில் சூடு போட்ட மாதிரி பதிந்துபோகும். அதைத் தடுக்கவென்றே ஒரு சின்ன புரோகிராமை ஃப்ளாப்பியிலிருந்து ஏற்றி வைத்திருந்தார்கள். ஆர்டிஸ் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துச் சூடு காய்ந்துகொண்டிருந்தாள். எழுத்துகள் பொசுக்கென்று போயின. இருண்ட கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ஆபீஸ் சுவரும், சுவரில் கோட்டு மாட்டுகிற ஆணி வரிசையும் தெரிந்தன. கடைசி ஆணியில் சாம்பல் நிறத்தில் நீளமான கம்பளிக் கோட்டு ஒன்று தொங்கியது. அதன் தோள்பட்டையில் பனி வெள்ளையாகக் கிடந்தது.

திரும்பிப் பார்த்தாள். அவளுடைய நீலக் கோட்டு இருந்தது. லவோனின் சிவப்புக் கோட்டு இருந்தது. கடைசி ஆணி வெறும் ஆணி.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?" என்றாள் லவோன், எதிர் மேஜையிலிருந்து. "ஷிப்ட்டத் தொடு. திரை சாகல, கண்ண மூடியிருக்கு, அவ்வளவுதான்."

ஆர்டிஸ் ஷிப்ட் விசையைத் தொட்டாள். எழுத்துகள் திரும்பி வந்தன. வேறு எந்த விசையைத் தொட்டாலும் திரை விழித்துக்கொள்ளும்தான். ஆனால் தொட்ட எழுத்து கணக்குக்குள்ளே போய் விழுந்துவிடும். அன்று காலையில்தான், திரை செத்துவிட்டதென்று பயந்து கண்டதையும் தட்டி, ஒரு விவசாயியின் கோதுமை வயல் முழுவதற்கும் ஆலங்கட்டி மழைக் காப்பீடு இல்லாமல் பண்ணியிருந்தாள். லவோன் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கும்போது அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மேஜையை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. அந்த விரல் கோணிப்போயிருந்தது. ஷிப்ட் விசை இருக்கும் பக்கத்து விரல்.

அந்த மேஜை ஆர்டிஸுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அதுவரை அது லவோனுடையது. அந்த ஆபீஸிலேயே அதுதான் நல்ல இடம். வெந்நீர்க் குழாயின் சூடு காலடியிலேயே வரும். மின்னசோட்டாவின் ஜனவரிக் குளிரில் கதவோரம் உட்கார்ந்து கால் மரத்துப்போனவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

"நீ இங்க வந்து உட்காரு கண்ணு," என்று லவோன்தான் கூப்பிட்டாள்.

"ஐயையோ, வேணாம். உன் இடம் அது."

"வான்னா வா. உன் கால் வீங்கிக் கிடக்கு."

"எனக்குக் கதவோரமே பழகிப்போச்சு, லவோன்."

லவோன் தன் கோணல் விரலை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள். "ஸ்வீடன்காரி குடுத்தா நார்வேக்காரி வாங்க மாட்டாளாக்கும்? எடுத்துக்கோடி."

"சரி, நீ இவ்வளவு தூரம் சொல்றப்போ..." என்று வெட்கத்தோடு தலையசைத்தாள் ஆர்டிஸ்.

ஸ்வீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் ஊர் அது. அந்த ஊர் வழக்கமே அப்படி. முதல் தடவை கேட்டதும் வாங்கிக்கொள்பவளை, தாய் சரியாக வளர்க்கவில்லை என்பார்கள். காப்பிக்குக்கூட மூன்று தடவை கேட்க வேண்டும். இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை மறுத்தால் அது கர்வம். பதினோரு வருடம் சேர்ந்து உப்புக்கண்டமும் உருளைக்கிழங்கும் பங்குபோட்டுத் தின்ற தோழி, தன் கதகதப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று அன்று வீட்டுக்குப் போன பிறகும் ஆர்டிஸுக்குக் கண் கலங்கியது.

மத்தியானமே பனிப்புயல் வருகிறதென்று ரேடியோ சொல்ல, முதலாளி கிளம்பிப் போனார். வானம் ஈயத் தட்டு மாதிரி இறங்கி வந்தது. நாலு மணிக்கே ஜன்னல் கருத்தது. ஆர்டிஸின் கார் பட்டறையில் கிடந்தது. லவோன் கூட்டிப் போவதாக ஏற்பாடு. அந்தக் குளிரில் நடந்து போனால் பாதி வழியில் விறைத்துப் பிணமாகத்தான் கிடக்க வேண்டும்.

"என்ஜின் உறையாம இருக்கப் போட்ட கரண்ட் வயரப் பிடுங்கிட்டு, வண்டிய சூடாக்கி வாசலுக்குக் கொண்டு வர்றேன்," என்று சிவப்புக் கோட்டை மாட்டினாள் லவோன். "நீ அந்தக் கடைசிப் பாலிசிய முடி." கதவைத் திறந்தவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. "கைய நிறுத்தாத, ஆர்டிஸ்."

கதவு மூடியது.

ஆர்டிஸ் தட்டினாள். வெந்நீர்க் குழாய் கிழவன் தொண்டையைச் செருமுவதுபோலக் கடகடத்தது. ஜன்னல் கண்ணாடியில் பனித்தூள் மணலை வாரி இறைத்ததுபோல உரசியது. கம்ப்யூட்டரின் உள்ளே விசிறி ஒன்று அலுப்பில்லாமல் இரைந்துகொண்டிருந்தது. இந்த மூன்று சத்தத்துக்கும் நடுவே எங்கிருந்தோ நனைந்த கம்பளியின் வாடை வந்தது, மழையில் நனைந்த ஆட்டை வீட்டுக்குள் கட்டினால் வருமே அந்த வாடை. தன் காலுறைதான் நனைந்திருக்கிறதோ என்று குனிந்து தொட்டுப் பார்த்தாள். உலர்ந்துதான் இருந்தது.

நிமிர்ந்தபோது திரை கருத்திருந்தது.

இவ்வளவு சீக்கிரமா?

கடைசி ஆணி இப்போது கண்ணாடியிலும் வெறும் ஆணிதான். கோட்டு அறை நடுவில் இருந்தது. தோள் உயரத்தில் நின்றது. விருந்தாளி கிளம்பும்போது வீட்டுக்காரர் பின்னால் நின்று கோட்டை விரித்துப் பிடிப்பாரே, அப்படி விரிந்திருந்தது. உட்பக்கம் அவளைப் பார்த்தபடி. பிடித்திருப்பவர் முகம் கோட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. காலரின் மேல் எட்டு விரல்கள் மட்டும் தெரிந்தன. நீலம் பாரித்த விரல்கள்.

ஷிப்ட். எழுத்து வந்தது. திரும்பினாள். அறை காலி.

அதற்கப்புறம் அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. பாலிசி முடிந்தது, வெறும் ஷிப்ட்டைத் தட்டினாள். தட்டத் தட்ட ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. லவோன் சாப்பிடும்போதுகூட இடது கையை விசைப்பலகையிலிருந்து எடுத்ததில்லை. "லவோனைப் பாரு, எப்பேர்ப்பட்ட உழைப்பாளி" என்று முதலாளி மெச்சுவார். ஆர்டிஸும் மெச்சினாள். உழைத்துத் தேய்ந்த விரல் என்றல்லவா அந்தக் கோணல் விரலைப் பார்த்து இரக்கப்பட்டாள்!

கார் விளக்கு ஜன்னலில் அடித்தது. கதவு திறந்தது. லவோன் வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"லவோன்! சீக்கிரம் வா. எனக்குப் பின்னால யாரு நிக்கிறா?"

"இப்ப என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. அந்த மேஜைல உட்கார்றவளுக்குத்தான் தெரியும்."

"நீ பாத்திருக்கியா?"

"ரெண்டு வருஷம்." லவோன் குரல் உடைந்தது. "அந்தப் புரோகிராம அழிச்சேன். அப்பவும் கருத்துது. மிஷினையே அணைச்சேன். அணைச்ச கண்ணாடியும் கருப்புதானடி. வேறொருத்தி தானா ஏத்துக்கிட்டாத்தான் விடுது. நீ ரெண்டு தடவ வேணாம்னப்போ, சாமி சத்தியமா, மனசு நிம்மதியா இருந்துச்சு. மூணாவது தடவையும் வேணாம்னு சொல்லிருந்தா விட்டிருப்பேன்."

"மூணாவது தடவ நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

லவோன் கதவுப் பிடியை இறுகப் பற்றினாள். தெரியும். தெரிந்துதான் மூன்றாவது தடவை கேட்டாள்.

எழுந்து ஓடலாம். ஆனால் நாற்காலி முதுகில் ஏதோ உரசியது. கனமான துணி. எழுந்தால் அந்தக் கைகளுக்குள்தான் எழ வேண்டும். ஆர்டிஸ் உட்கார்ந்தபடியே, ஷிப்ட்டைத் தட்டியபடியே, முதல் தடவை கேட்டாள்.

"லவோன், உன் மேஜைய நீயே எடுத்துக்கோ."

"வேணாம்."

"எடுத்துக்கோ லவோன். இங்கதான் சூடா இருக்கு."

"வேணாம் கண்ணு. நீயே வச்சுக்கோ." வாய் தானாகச் சொல்லியது. இரண்டு மறுப்பும் தீர்ந்துவிட்டதென்று சொன்ன பிறகுதான் லவோனுக்கு உறைத்தது. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"இவ்வளவு சொல்றேன்ல? எடுத்துக்கோ."

லவோனின் உதடு பிரிந்தது. தலை சம்மதமாக அசையத் தொடங்கியது. கம்பளிக் கையுறையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, வெட்டுப்பட்ட கோழி மாதிரித் தடுமாறி வெளியே ஓடினாள். கார்க் கதவு அறைந்தது. விளக்கு ஜன்னலை ஒருமுறை துடைத்துவிட்டு நகர்ந்தது. என்ஜின் சத்தம் தேய்ந்தது.

திறந்து கிடந்த கதவு வழியே பனி உள்ளே வந்தது.

தட்டினாள். தட்டினாள்.

திரை கருத்தது. விரல் ஷிப்ட்டின் மேலேயே இருந்தது. மறுபடி அழுத்தினாள். வரவில்லை. எல்லா விசைகளையும் அறைந்தாள். வரவில்லை.

கண்ணாடியில், கோட்டு நாற்காலிக்குப் பின்னால் விரிந்திருந்தது. சற்று முன்னால் வந்து நின்றது. கேட்பதுபோல.

ஆர்டிஸ் வேண்டாமென்று தலையாட்டினாள். கண்ணாடியில் இருந்த ஆர்டிஸும் தலையாட்டினாள்.

கோட்டு பொறுமையாக இறங்கி, மறுபடி விரிந்தது.

"வேணாம்," என்றாள். கண்ணாடியிலும் அவள் உதடு அசைந்தது.

இறங்கியது. விரிந்தது.

"வேணாம்! வேணாம்!"

கண்ணாடியில் இருந்தவள் கத்தவில்லை. வெட்கத்தோடு சிரித்தாள். இவ்வளவு தூரம் சொல்கிறீர்களே என்பதுபோலத் தலையசைத்தாள். வலது கையைப் பின்னால் நீட்டினாள்.

ஆர்டிஸின் இரண்டு கைகளும் விசைப்பலகையின் மேல்தான் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது மணிக்கட்டில் சில்லென்று ஒரு ஈரம் பட்டது. முழங்கைக்கு ஏறியது. தோளுக்கு ஏறியது.

கண்ணாடியில் அந்த எட்டு விரல்கள் காலரை அவள் கழுத்தோடு இழுத்துச் சரிசெய்தன. பிறகு, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பொத்தானாகப் போடத் தொடங்கின.