ஊசி போடாத டாக்டர்

அன்று காலை வகுப்பில் நான்கு நோயாளிகள் இறந்துபோனார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அவர்களைத் துடைத்து, மின்னேற்றி, மறுபடியும் இரும வைத்துவிட்டார்கள். செவ்வாய்க் குடியிருப்பின் மருத்துவக் கல்லூரியில் இது வழக்கம்தான். மாணவர்கள் பயில்பாவைகளிடம்தான் வைத்தியம் பழகுவார்கள். பாவைகள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், பொய் சொல்லாது, பக்கத்து வீட்டுக்காரர் சிபாரிசு செய்த மாத்திரையைப் பற்றிப் பேசவே பேசாது.

நறுமுகையின் கையில் ஒரு பாவைகூடச் செத்ததில்லை. ஆகவே உயிருள்ள மனிதரைப் பார்க்க அவளை அனுப்பினார்கள். அந்த மனிதர் தரும் நட்சத்திரங்கள்தான் மதிப்பெண். குறைந்தால், இன்னும் ஓராண்டு பாவைகளோடு.

"பழைய ரெக்கார்டை முழுசாப் படிச்சுட்டுப் போம்மா," என்றார் பேராசிரியர் தேவநேசன். "பேரைச் சொல்லு, உக்காந்து பேசு. அவர் பேசறப்ப திரையைப் பார்க்காதே. எழுந்து கிளம்பும்போது ஒண்ணு சொல்வார். அதுக்குத்தான் வந்திருப்பார்."

வந்தவர் மாசானமுத்து, காற்றுக்குழாய் பற்றவைப்பவர். அவர் தோளில் தோலுக்கடியில் பதித்த உடல்மானி, ரத்தச் சர்க்கரையை மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பல மாதங்களாக ஒரே அளவு. இவ்வளவு ஒழுங்கான மனிதர் உண்டா என்று நறுமுகைக்குச் சந்தேகம்.

"வணக்கம் ஐயா. நான் நறுமுகை, மாணவி. உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலம்மா. அசதியா இருக்கு. ஒரு ஊசியப் போட்டு விடுங்க, போயிருதேன்."

குடும்பம் பூமியை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பேச்சு பாளையங்கோட்டையை விட்டு வரவில்லை. ஊசி ஆசையும்தான்.

அவள் சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் விசாரித்தாள். அவர் மருமகனைத் திட்டினார், சங்கத் தலைவரைத் திட்டினார். குறுக்கிடாமல் கேட்டாள். எழுந்தவர் சொன்னார்: "இந்த இடது செருப்பு மட்டும் கழண்டு போவுது. போனதே தெரிய மாட்டேங்கு."

"அதைக் கழட்டுங்க ஐயா."

பெருவிரலுக்கு அடியில் புண். ஓரம் கறுத்திருந்தது.

"வலிக்கலையா?"

"வலிச்சா முன்னமே வந்திருக்க மாட்டனா?"

விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள். சர்க்கரை எங்கோ உச்சத்தில் இருந்தது. உடல்மானியைக் காட்டச் சொன்னாள். அவர் தயங்கிச் சட்டையை விலக்கினார். அதன் மேல் ஒரு தகரத் துண்டு ஒட்டியிருந்தது.

"சீனி போட்ட டீ கேட்டா அடுக்களை மிஷின் இதப் பாத்துட்டுத் தரமாட்டேங்கு. அதான் மூடி வச்சேன்."

தகவல் வராத நாட்களில் மருத்துவமனைக் கணினி பழைய அளவையே போட்டு நிரப்பிக்கொண்டிருந்தது. கணினிக்கும் வேலை முடிந்ததாகக் காட்ட வேண்டாமா?

இன்னும் சில நாள் விட்டிருந்தால் கால் போயிருக்கும். நறுமுகை கையோடு அவரை வார்டில் சேர்த்தாள். அறுவைப் பொறி புண்ணைச் சுத்தம் செய்தது. வார்டுப் பொறி ஒரு வார்த்தை கேட்காமல், எல்லோருக்கும் போடுகிற சத்து ஊசியை அவருக்கும் போட்டது.

வீடு திரும்பும்போது மாசானமுத்து மதிப்பெண் வழங்கினார். வார்டுப் பொறிக்கு ஐந்து நட்சத்திரம்: "வாயத் தொறக்கல. ஊசியப் போட்டுச்சு, காலு பொழச்சுட்டு." நறுமுகைக்கு ஒன்று: "கேள்வி மேல கேள்வி. படிச்ச புள்ளைக்கு நம்மகிட்ட கேட்டாத்தான் தெரியுமா?"

"காலைக் காப்பாத்தியிருக்கேன் சார்."

"தெரியும்மா," என்றார் தேவநேசன். "அதைப் போட மார்க் ஷீட்ல இடமில்ல. என் கையில இருக்கிறது ஒரே ஒரு மறுதேர்வு."

அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மறுவாரம் மறுதேர்வுக்குச் செண்பகவல்லி என்ற பெண்மணி வந்து உட்கார்ந்தார். நறுமுகை திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. மூன்று நிறத்தில் மாத்திரை எழுதினாள், ஒரு ஊசி போட்டாள், அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

ஐந்து நட்சத்திரம் விழுந்தது. வரிசையில் காத்திருந்தவர்களிடம் செண்பகவல்லி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கைராசிக்காரப் பொண்ணு. என் மூஞ்சிய நிமிந்துகூடப் பாக்கல. அம்புட்டுப் பெரிய டாக்டரு."