உள் பொத்தான்

ஏசியை நிறுத்தி எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனாலும் சர்வர் அறையிலிருந்து குளிர் கசிந்து வந்து அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது.

அந்த அறைக்கு இப்போது கதவே கிடையாது. சின்னு செத்த மறுவாரமே கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். வெறும் நிலை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. விடுமுறை நாளின் சாயங்காலம், ஆளரவமற்ற அந்தத் தளத்தில், நிலைக்கு எதிரே இருந்த மேசையில் உட்கார்ந்து, தம்பியைக் கொன்ற இயந்திரத்தை எழுப்பிக்கொண்டிருந்தாள் அக்காக்காரி.

சின்னு உள்ளே இருக்கும்போது, மூச்சை முட்டவைக்கும் தீயணைப்பு வாயு தவறுதலாகத் திறந்துகொண்ட அன்று, கதவுப் பூட்டை ஆளும் சர்வரும் சேர்ந்து செயலிழந்து, மறுபடி எழ முயன்றது. வெளியே அத்தனை பேரும் இந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அதில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். "இதோ வந்துடும், இதோ வந்துடும்னே நின்னுட்டோம்மா," என்று மேலாளர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பூட்டை உடைத்து உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

சர்வர் அதற்குப் பிறகு எழவேயில்லை. யாரும் தொடத் துணியாத வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அது எங்கே நின்றுபோனது என்று தெரிந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

போனில் மேலாளர் தயங்கினார். "வெளியாளக் கூப்பிட்டுக்கலாமே."

"நான் பாத்துக்கறேன் சார்."

சர்வர் எழும்போது படிக்கும் தொடக்க வரியைத் திறந்தாள். கடைசியில் 'கொயட்' என்று ஒரு சொல். பேசாமல் எழுந்திரு என்று இயந்திரத்துக்கு இடும் கட்டளை. அதை அழித்துவிட்டு என்டர் தட்டினாள்.

வட்டம் வரவில்லை. மடை திறந்ததுபோல் வரிகள் கொட்டின. நினைவகம் சரி, வட்டு சரி, விசிறி சரி, வலை சரி என்று பச்சை பச்சையாக மேலே ஓடி, சட்டென்று ஓரிடத்தில் நின்றன.

கதவுச் சேவைக்காகக் காத்திருக்கிறது. கால வரம்பு இல்லை.

அதன் கீழே இன்னொரு வரி.

உள் பொத்தான் அழுத்தப்பட்டது.

அறைக்குள் இருப்பவர் வெளியே வர அழுத்தும் பொத்தான் அது. மறுபடி அதே வரி. மறுபடி. பழைய பதிவு எங்கோ தங்கியிருக்கிறது என்று தன்னையே தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு வரியின் முன்னாலும் இருந்தது இந்த நிமிடத்தின் நேரம். வரி விழும்போதெல்லாம் அறைக்குள்ளிருந்து மெல்லிய ஓசை.

டக்.

டக்.

அன்றைக்கும் இப்படித்தான் ஒவ்வொன்றும் வந்து விழுந்திருக்கும். வட்டத்துக்குப் பின்னால். யாருக்கும் தெரியாமல்.

எழுந்தாள். நிலையைத் தாண்டினாள். உலோக வாடை. உள்ளே யாருமில்லை. சுவரில் அந்தப் பச்சைப் பொத்தான் மட்டும் தானாக உள்ளே போய், தானாக வெளியே வந்தது.

"சின்னு..."

டக்.

"கதவே இல்லடா. எடுத்துட்டாங்க. வெளிய வந்துடுடா கண்ணு."

டக். டக். டக்.

அவனுக்குக் கேட்கவில்லை. அவள் ஓடிப்போய் பொத்தானின் மேல் விரலை வைத்து மூடிக்கொண்டாள். போதும்டா. போதும்.

அவள் விரல் மேல் இன்னொரு விரல் வந்து அமர்ந்தது.

சில்லென்று. நகம் பதிய. அவள் விரலையும் சேர்த்து அழுத்தியது. கையை இழுத்தாள். வரவில்லை. அழுத்தம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. நடுங்கியது. வழுக்கிக்கொண்டு கீழே போனது. அவளும் அதோடு மடங்கித் தரையில் விழுந்தாள், வாய்விட்டு அழுதபடி.

பிறகு அமைதி.

பிறகு, அவள் தலைக்கு மேலே, முதலிலிருந்து, முழுப் பலத்தோடு, டக்.