படத்தில் இல்லாத வசனம்

டெலிபோன் அலறியது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை. கம்பாலாவில் இருக்கும் அத்தனை ஹாரன்களும் ஒரே தெருவுக்கு வந்துவிட்டது போன்ற இரைச்சல். நம்பாலிர்வா ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை வைத்தாள்.

"ஹலோ..."

"இன்ஸ்பெக்டர் ஒக்வாங் பேசறேன். உன் தம்பி ஃபைல் ரெண்டு மணிக்கு அரசு வக்கீல் அம்மா மேஜைக்குப் போகுது. அவங்க கையெழுத்துப் போட்டா கொலைக் கேஸ். சாயந்திரமே லுசிரா ஜெயில்."

"அவன் பண்ணலை அஃபாண்டே." போலீஸ் அதிகாரியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எல்லா அக்காவும் இதைத்தான் சொல்றாங்க. சரி, நான் குடுத்த டப்பா வாயைத் திறந்துச்சா?"

"இன்னும் கண்ணையே திறக்கலை."

"நான் அஞ்சு தடவை சொருகிப் பார்த்தாச்சும்மா. அதுவும் சென்குங்கு மாதிரிதான். செத்துப் போச்சு."

போனை வைத்துவிட்டார்.

நம்பாலிர்வா தன் ரிப்பேர் கடை மேஜையைப் பார்த்தாள். உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு எக்ஸ்டர்னல் டிரைவ். தம்பி மயின்ஜாவின் உயிர் இப்போது அதற்குள்தான் இருந்தது.

செத்துப்போன சென்குங்கு ஊரறிந்த வி.ஜே. வெளிநாட்டுப் படம் ஓட ஓட, கதாநாயகன், வில்லன், குழந்தை, குதிரை என்று எல்லாருக்கும் ஒரே ஆளாய் லுகாண்டா மொழியில் பேசிப் பதிவு செய்கிறவர். மயின்ஜா அவருக்கு உதவியாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு புதுப் படத்துக்குப் பேச உட்கார்ந்தார் சென்குங்கு. மயின்ஜா சாப்பாடு வாங்கப் போனான். திரும்பி வந்தால்... மைக்கின் மேல் தலை கவிழ்ந்து கிடந்தார். மண்டை பிளந்திருந்தது. கம்ப்யூட்டரைக் காணோம்.

பாவி, அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதான். சட்டையெல்லாம் ரத்தம். போலீசுக்கு அந்தச் சட்டையே போதுமானதாக இருந்தது.

இந்த டிரைவ் மட்டும் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. பேசப் பேச கம்ப்யூட்டரிலும் டிரைவிலும் ஒரே நேரத்தில் பதிவாகிற மாதிரி வைத்திருந்தார் சென்குங்கு. கொலை நடந்தபோது மைக் ஓடிக்கொண்டிருந்ததா? இருந்தால், மயின்ஜா தப்பினான்.

நம்பாலிர்வா கேபிளைச் சொருகினாள்.

ஒன்றும் இல்லை. டிங் என்கிற சத்தம்கூட இல்லை.

வேறு கேபிள்... விளக்கு மினுக்கியது, அணைந்தது.

வேறு ஓட்டை... அதே கதை.

கரண்ட் போதவில்லையோ என்று இரட்டைத் தலைக் கேபிளைப் போட்டாள். டிரைவ் சுற்ற ஆரம்பித்தது.

'இந்தச் சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை.'

பத்து வருஷமாக அந்த வாக்கியத்தை வைத்துத்தான் சோறு தின்கிறாள். இன்றைக்குத்தான் அதைப் பார்த்து அழுகை வந்தது.

"என்ன தங்கச்சி, எழுந்திருக்குதா?"

நிமிர்ந்தாள். கடை வாசலில் கலான்சி.

நகரத்தின் பெரிய படக் கடை அவனுடையது. டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஐம்பது படம் ஏற்றித் தருவான். வெள்ளிக்கிழமை மயின்ஜா ரத்தச் சட்டையோடு ஓடியதைப் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்ததும் அவன்தான். கையில் இரண்டு ரோலக்ஸ் பொட்டலம். சப்பாத்தியில் சுருட்டிய முட்டை கமகமத்தது.

"சாப்பிடும்மா. காலைலேர்ந்து வயித்தைக் காயப்போட்டிருப்பே."

"என் தம்பியை மாட்டிவிட்டுட்டு எனக்கு முட்டை வாங்கிட்டு வர்றீங்களாண்ணே?"

"பார்த்ததைச் சொன்னேன். ஓடினான், ஓடினான்னேன்."

"ஆம்புலன்ஸ் கூப்பிட ஓடினான்."

"அதை அவன் சொல்லட்டும். எனக்கு மட்டும் சந்தோஷமா என்ன?" ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. நான் சும்மா பார்த்துட்டிருக்கேன்."

அவனோடு வாதாட நேரமில்லை. மணி பதினொன்று.

டப்பாவைப் பிளந்து உள்ளிருந்த டிஸ்க்கை வெளியே எடுத்தாள். வேறொரு டப்பாவில் மாட்டிச் சொருகினாள்.

டிங்!

திரையில் கேள்வி வந்தது. 'இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யலாமா?'

"பாரு, கம்ப்யூட்டரே கேக்குது. ஆமான்னு சொல்லிடவா?"

கலான்சியின் விரல் விசைக்கு மேல் வந்துவிட்டது.

பளீரென்று கையில் ஓர் அடி வைத்தாள்.

"அழுத்தினா உள்ளே இருக்கிறது அத்தனையும் போயிடும்!"

"உதவி பண்ண வந்தா அடிக்கிறியே தங்கச்சி. எனக்கென்ன தெரியும், நான் படம் விக்கிறவன்."

"தினமும் நூறு டிரைவ் கையாளுற ஆளுக்கு ஃபார்மட்னா தெரியாதா?"

கலான்சி கையைத் தடவிக்கொண்டான். பிறகு எழுந்தான்.

"நான் வர்றேன். வக்கீலம்மா முன்னாடி சாட்சிக் கையெழுத்துப் போடணும். அந்த ரோலக்ஸ் ஆறிடப் போகுது."

போய்விட்டான்.

நம்பாலிர்வா 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். இந்த ஜாதி டிரைவ்களின் குணம் அவளுக்குத் தெரியும். எழுதுவதையெல்லாம் டப்பாவுக்குள் இருக்கும் சின்ன போர்டு பூட்டி எழுதும். அதே போர்டு வழியாகத்தான் திரும்பப் படிக்க முடியும். வேறு டப்பாவில் போட்டால் வெறும் குப்பைதான் தெரியும்.

பழைய போர்டை லென்சுக்கு அடியில் வைத்தாள்.

சாக்கெட் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. யாரோ கம்ப்யூட்டரை வெடுக்கென்று தூக்கியபோது கேபிள் இழுத்த இழுப்பில் நான்கு காலில் இரண்டு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. ஒரு காலின் கீழே செம்புத் தடமே இல்லை.

மணி பன்னிரண்டு.

தலைமுடி கனத்துக்கு ஒரு கம்பியை எடுத்தாள். சால்டரிங் அயர்ன் முனையை வைத்தாள். கம்பி விலகியது. மறுபடி. மறுபடியும் விலகியது. நாலாம் தடவை சூடு அதிகமாகிப் பக்கத்துத் தடமும் தூக்கிக்கொண்டது.

அவள் அயர்னை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது. தம்பியை வளர்த்தது அவள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவள். சென்குங்குவிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவளேதான்.

அழுது முடித்துவிட்டு ஐந்தாவது கம்பியை எடுத்தாள்.

டிஸ்க்கைப் பழைய போர்டிலேயே மாட்டிச் சொருகினாள். ஒன்று இருபதுக்கு விளக்கு எரிந்தது. அணையவில்லை.

டிரைவ் பட்டியலில் வந்தது, ஆனால் பெயரில்லாமல் நின்றது. D, E என்று டிரைவுக்கு வரும் எழுத்தை வேறு ஏதோ சாதனம் பிடித்து வைத்திருந்தது. புது எழுத்து ஒன்றைக் கொடுத்தாள்.

திறந்துகொண்டது.

கடைசி ஃபைல்... வெள்ளிக்கிழமை, பதினொன்று ஐம்பத்திரண்டு.

கடைசிப் பகுதிக்கு ஓட்டினாள். கொரியப் படம். ஆற்றில் ஒரு கிழவர் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் மேல் சென்குங்குவின் குரல், மைக்கிலிருந்து கொஞ்சம் விலகி...

"கலான்சி... எப்படி உள்ளே வந்தே? சுத்தியலைக் கீழே வை. என் படத்தைத் திருடினது போதாதா? கலான்சி, வேண்டாம்..."

ஒரு சத்தம். இன்னொரு சத்தம்.

அப்புறம் படகு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

நம்பாலிர்வா மேஜை மேலிருந்த ரோலக்சைக் குப்பையில் வீசினாள். லேப்டாப்பையும் டிரைவையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். மோட்டார் சைக்கிள்காரன் தோளைப் பிடித்து, "கோர்ட்டு. மேடு பள்ளம் பார்க்காதே," என்றாள்.

*

அரசு வழக்கறிஞர் கட்டுஷாபே அம்மாளின் அறை. பேனா மூடி திறந்திருந்தது.

ஒரு மூலையில் இரண்டு கான்ஸ்டபிள்களோடு, கையில் விலங்கோடு மயின்ஜா. மறு மூலையில் கலான்சி, இஸ்திரி போட்ட சட்டையில். நடுவே இன்ஸ்பெக்டர் ஒக்வாங்.

பதிவு ஓடி முடிந்தது.

ஒக்வாங் சிரித்தார்.

"மேடம், சென்குங்கு படம் நீங்க பார்த்ததில்லையா?"

"ஏன்?"

"அவர் படத்துல வில்லனுக்கெல்லாம் கொரியாப் பேரா இருக்கும்? யார் மேல கோபமோ அவங்க பேரை வைப்பார். போன மாசப் படத்துல வில்லன் பேரு கலான்சி. அதுக்கு முந்தினதுலயும் கலான்சி. ஒரு தடவை என் பேரை வெச்சு, மாடியிலேர்ந்து தள்ளிக் கொன்னுட்டார்."

"எங்க சண்டை ஊருக்கே தெரியும் மேடம்," என்றான் கலான்சி பணிவாக. "என்னை நூறு தடவை தூக்குல போட்டிருக்கார் மனுஷன். நான் வழக்கு போட்டேனா?"

"இது வசனமில்லை மேடம்!" நம்பாலிர்வா லேப்டாப்பைச் சுட்டிக் காட்டினாள். "திரையைப் பாருங்க. ஒரு கிழவர் படகு ஓட்டறார். சுத்தியலும் இல்லை, வில்லனும் இல்லை."

"மீன் நீந்தினாக்கூட அதுக்கு நாலு வசனம் பேசறவர்மா அவர்," என்றார் ஒக்வாங்.

மயின்ஜா தலையைத் தூக்கினான்.

"அக்கா... விட்டுடு. வீட்டுக்குப் போ."

"வாயை மூடுடா."

"அஃபாண்டே சொல்றது நிஜம்தானே. நானே அவருக்கு வில்லன் பேரு எடுத்துக் குடுத்திருக்கேன்."

பத்து வருஷ வித்தை, ஐந்து கம்பி, ஒரு முழுக் காலை. எல்லாம் சேர்ந்து அவன் தலையிலேயே விழுந்துவிட்டது. நம்பாலிர்வா லேப்டாப்பை மூடப் போனாள்.

கட்டுஷாபே அம்மாள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். படகுக் காட்சியை மறுபடி ஓடவிட்டாள். புருவம் சுருங்கியது. இன்னொரு தடவை ஓடவிட்டாள்.

"ஏம்மா... டிரைவ் ரிப்பேர் பண்றவதானே நீ? வெட்டி ஒட்டவும் தெரியும் இல்லே?"

"மேடம்...?"

"இந்தப் பேச்சு இந்தப் படத்துல கிடையாது. நீ சொருகியிருக்கே. பொய்ச் சாட்சி தயார் பண்றதுக்கு எத்தனை வருஷம் தெரியுமா? இன்ஸ்பெக்டர், இவ பேரையும் எழுதுங்க."

"நான் எதையும் சொருகலை மேடம். சத்தியமா."

"எங்கிட்டயே கதை விடறியா? சனிக்கிழமை சாயந்திரம் இதே படத்தைப் புள்ளைங்களோட உக்காந்து பார்த்தேன். இந்த இடத்துல கிழவர் சும்மாதான் போவார். அதுக்கப்புறம் கடைசிப் பத்து நிமிஷம் சென்குங்கு குரலே ஒரு மாதிரி இருந்துச்சு. சளி பிடிச்சிருக்கும்னு நினைச்சேன்."

ஒக்வாங் எழுதுவதை நிறுத்தினார்.

நம்பாலிர்வா மெதுவாக நிமிர்ந்தாள்.

"மேடம்... வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குத்தான் அவர் இந்தப் படத்துக்குப் பேசவே உக்காந்தார். பேசி முடிக்கறதுக்குள்ளே செத்துட்டார். பதிவு இருந்தது ரெண்டே இடம். ஒண்ணு இந்த டிரைவ். உங்களுக்கு முன்னாடி இருக்கு."

"இன்னொண்ணு?"

"திருடு போன கம்ப்யூட்டர்."

வெளியே யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கடைசிப் பத்து நிமிஷம் சளி இல்லை மேடம்," என்றாள் நம்பாலிர்வா. "வேற ஆளு. செத்தவரால பேச முடியலை. இந்தப் படத்தை... யார் கடையில ஏத்தினீங்க?"

அரசு வழக்கறிஞரின் முகம் மாறியது. கள்ளப் படம் பார்த்ததை, அந்த இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு முன்னால், தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. பேனாவை எடுத்தாள். மூடினாள். மெல்ல... மிக மெல்ல... கலான்சி இருந்த மூலைப் பக்கம் திரும்பினாள்.

இஸ்திரிச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒக்வாங் நகர்ந்து போய்க் கதவில் சாய்ந்துகொண்டார்.

"மிஸ்டர் கலான்சி," என்றாள் கட்டுஷாபே அம்மாள். "நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

கலான்சிக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"இது அநியாயம் மேடம்... உங்களுக்கு மட்டும் நான் காசே வாங்கலையே!"